இரண்டாம் மாடித் திருப்பத்துக் கதவைக் கழற்றுவது பற்றி

நாலாம் மாடி,
வெள்ளவத்தை.

அன்பின் மருமகன் சயந்தனுக்கும், எங்கள் மாடிக்குடியிருப்பு நிர்வாகக் குழுவின் மதிப்புக்குரிய செயலாளருக்கும் (இரண்டும் நீர்தான்),

மூன்று மாடி கீழே இருக்கிற உமக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நீர் முத்திரை குத்தி எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பதால் எழுத்திலேயே தருகிறேன். நீரும் சுபோதினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. மாமி சுகமில்லை என்பது உமக்கே தெரியும், ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். "பொதுப்படிக்கட்டில் மரணச்சடங்கு ஒத்திகை நடத்திக் குடியிருப்பாளரைக் கலவரப்படுத்தியமை" என்று எழுதியிருக்கிறீர். அது ஒத்திகை இல்லை, தம்பி. அளவெடுப்பு.

மாமியை ஆசுப்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று லிப்ட் ஓடியது. அடுத்த கிழமை நின்றது. பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று நீர் சொல்லிச் சொல்லியே வருஷப்பிறப்பும் போய்விட்டது. இனி மருந்தில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னதை நான் இவவுக்குச் சொல்லவில்லை, இவவும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். "என்னை வீட்டிலயிருந்து எடுங்கோ. மலர்ச்சாலையில கொண்டுபோய் வைக்காதேங்கோ." காரணம் உமக்குத் தெரியும். இவவின் தமக்கையின் உடலை மலர்ச்சாலை மண்டபத்தில் வைத்தபோது மாத்தளையிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து, ஆளை மாறி அவவைச் சுற்றி நின்று குழறி அழுது, சோடாவும் குடித்துவிட்டு, பிறகுதான் பக்கத்து மண்டபத்துக்குப் போனார்கள். எங்களுடைய ஆட்களைவிட அவர்கள்தான் நன்றாக அழுதவர்கள். அப்படி முன்பின் தெரியாத சனம் தன்னைச் சுற்றி நிற்கக்கூடாது என்பது இவவின் ஒரே ஆசை. இதையாவது நான் செய்யாவிட்டால் நான் என்ன மனிசன்.

நான் சீவியம் முழுக்க இயந்திரம் வடிவமைத்தவன். ஒரு அளவு பிழைத்தால் முடிவு எவ்வளவு பிழைக்கும் என்று முதலே பார்த்து வைப்பதுதான் என் வேலை. சில பிழைகள் வந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம்; சில பிழைகள் குடியைக் கெடுக்கும். எனவே கொட்டாஞ்சேனையில் சவப்பெட்டி செய்கிற பிறெடியிடம் போனேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது நடந்தது என்று பவ்வியமாகக் கேட்டார். இன்னும் நடக்கவில்லை என்றேன். கட்டிய கையை அவிழ்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குத்தான் என்று நினைத்தார் போல. ஆறடி நீளம், இரண்டடி அகலம் என்றார். கூடக்குறைய எவ்வளவு வரும் என்று கேட்டேன். "இதுவரைக்கும் அளவு சரியில்லையெண்டு ஒருத்தரும் திருப்பிக் கொண்டுவரல்ல சேர்" என்றார்.

லிப்டை நீர் நாளைக்கே திருத்தினாலும் பயனில்லை. நாலு பேர் நிற்கிற லிப்ட். பெட்டியை நிமிர்த்தித்தான் வைக்கவேணும். எட்டு மாதமாக எழும்பி நிற்க ஏலாமல் கிடக்கிற மனிசியை அன்றைக்கு மட்டும் நிற்கவைக்க நான் விடமாட்டேன். ஆகப் படிதான். மற்றத் திருப்பமெல்லாம் சரி. இரண்டாம் மாடித் திருப்பத்தில், களவு பயம் என்று உம்முடைய குழு போட்ட இரும்புக் கதவின் நிலைதான் இடிக்கிறது. துணி நாடாவால் அளந்தால் அகலம் மூன்றரை அடி. இரும்பு நாடாவால் அளந்தால் அரை அங்குலம் கூட. அரை அங்குலம்தானே மாமா என்பீர். பெட்டி நீளத்தில் அரை அங்குலம் பிழைத்தால் அரை அங்குலத்தோடு போய்விடும். திருப்பத்தின் அகலத்தில் அரை அங்குலம் பிழைத்தால், அதால் திரும்பக்கூடிய நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் பிழைக்கும். துணி நாடா சரியென்றால் பெட்டி சிக்கும், இரும்பு நாடா சரியென்றால் மயிரிழையில் போகும். ஒரு பக்கத்தைத் தூக்கிச் சரித்தால் போகும்தான். ஆனால் தலைப்பக்கம் தாழும், மாமிக்குத் தலை தாழ்ந்தால் சுத்தும். அந்த நேரத்தில இனி எங்கே மாமா தலை சுத்தப்போகுது எண்டு கேக்காதேயும். எனக்கும் தெரியும். எண்டாலும் ஏலாது.

இரண்டு நாடாவும் ஆளுக்கொரு கதை சொன்னதால்தான், பலகையில் பெட்டி அளவுக்கு, ஆறடிக்கு இரண்டடியில் ஒரு சட்டம் அடித்து, இரண்டாம் மாடி ஹாஷிமும் வாசல் காவலுக்கு நிற்கிற வாச்சரும் நானுமாக இறக்கினோம். வெள்ளைத் துணி சுற்றியது என் பிழை. சுவரில் பெயின்ற் உரியக்கூடாதே என்று சுற்றினது. திருப்பத்தில் சட்டம் சிக்கியது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த ஹாஷிமின் மனைவி றமீலா வெள்ளைத் துணியைக் கண்டதுதான் தாமதம், ஐயோ அன்ரி என்று ஒரே குழறல். அரை மணித்தியாலத்துக்குள் ஒழுங்கை வாசலில் செத்தவீட்டு வெள்ளைக்கொடி. வாட்ஸ்அப்பில் கதை கனடாவரை போய், என் மைத்துனர் அழுதழுது, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். சட்டத்துக்குக் கீழால் குனிந்து குனிந்து வந்த சனம் எங்கள் ஹோலை நிறைத்துவிட்டது. மாமி அறைக்குள்ளிருந்து யார் வந்திருக்கினம் என்று கேட்டா. அலுமாரி இறக்குகிறோம், உதவிக்கு வந்திருக்கினம் என்று பொய் சொன்னேன். "அவைக்குத் தேத்தண்ணி குடுங்கோ" என்றா. குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன், சயந்தன். இவவுக்கு முன்னால் நான் அழுகிறதில்லை. பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், சீனி போட மறந்துபோனேன், எல்லோரும் அப்படியே குடித்தார்கள்.

நீர் கேட்ட விளக்கம் இவ்வளவும்தான். இனி என் கோரிக்கை. அந்தக் கதவை நிலையோடு கழற்றினால் அகலம் இரண்டு அங்குலம் கூடும். பெட்டிக்கு நாலு அங்குலத்துக்குக் குறையாமல் இடம் மிஞ்சும். பிறெடியின் பிழை, நாடாக்களின் பிழை, என் கை நடுக்கம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இந்தக் கிழமைக்குள் கழற்றுவியும். டொக்டர் சொன்ன காலத்திலும் கூடக்குறைய இருக்கும். எந்தப் பக்கம் பிழைக்கும் என்று அவருக்கும் தெரியாது.

உம்முடைய பிள்ளைகள் படியில் தடக்கி விழாமல் வளரவும், லிப்டின் பாகம் இந்தப் பிறவியிலேயே வந்து சேரவும் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு,

அன்புள்ள மாமா,
கனகசபாபதி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட முன் மாமி கூப்பிட்டா. நான் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவேனாம். அறைக்குள் எல்லாம் கேட்டதாம். டொக்டர் சொன்னதும் அப்போதே தெரியுமாம். கோபப்படவில்லை. "செத்தாப்பிறகு இறக்கிறதுக்கு இவ்வளவு கணக்குப் பாத்திருக்கிறியள். உயிரோட ஒருக்கா இறக்கிறதுக்கு ஒரு கதிரையும் நாலு பேரும் காணாதே? எனக்கு ஒருக்காக் கடலைப் பாக்கவேணும்" என்றா. எட்டு மாதமாக இது என் மண்டையில் ஏறவேயில்லை, தம்பி. கடல் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் கிடக்கிறது. கதவு இப்போதைக்குக் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெயில் தணிய நீர் மேலே வாரும். ஹாஷிமுக்கும் வாச்சருக்கும் சொல்லிவிட்டேன். இவவை இருத்தித் தூக்குகிற கதிரை அந்தத் திருப்பத்தால் போகுமோ என்று பார்க்க நாடாவை எடுத்தேன். இவ அதை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டா.