குன்னூரில் காயாத மடி

மயிலாப்பூரில் பிறந்து, நாலு தெரு தள்ளி மயிலாப்பூரிலேயே வாக்கப்பட்டவளுக்குத் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு இருக்கும். எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. (இப்போதும் ரொம்பக் குறைந்துவிடவில்லை.)

வெள்ளைக்காரன் காலம். எங்காத்துக்காரர் வக்கீல். கோடை விடுமுறைக்குக் குன்னூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தையும் தாண்டித் தன்னந்தனியாக நிற்கிற பங்களா ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். சொந்தக்காரத் துரை தன் இரண்டு நாய்களை அங்கேயே விட்டுவிட்டுச் சீமைக்குப் போயிருந்தான். நாய்களோடு சேர்த்துத்தான் வாடகை. அதுகளைப் பார்த்துக்கொள்ள மாரி என்று ஒரு காவல்காரன். நாங்கள் மூன்று பேர்: அவர், நான், என் மாமியார்.

போய்ச் சேர்ந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தேன். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும், அறையைச் சுற்றிப் பார்க்கும், வந்த வழியே போய்விடும். எதிர்மலை காலையில் இருக்கும், மத்தியானம் இருக்காது. தைலமரத்து வாசனை தலைமாட்டிலேயே படுத்திருக்கும். மாட வீதியில் எனக்குப் பத்தடி முன்னால் போகிறவர் இங்கே பக்கத்திலேயே நடந்தார். அந்தப் பனியில் யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு தடவை கையைக்கூடப் பிடித்தார். அவர் கைதானா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டேன். இந்த மாதம் முடியவே கூடாது என்றிருந்தது.

ஆனால் மாமியாரின் மடி காயவில்லை.

துவைத்து, கொம்பால் உயரக் கொடியில் போட்டு, யாரும் தொடாமல் காய்ந்த புடவையை உடுத்திக்கொண்டுதான் அவர் சமைப்பார், சாப்பிடுவார். ஊரிலிருந்து கொண்டுவந்த மடிப் புடவைகளை மேட்டுப்பாளையத்தில் போர்ட்டர் தலையில் தூக்கிவைத்ததிலேயே அதுகளின் மடி போய்விட்டது. எல்லாவற்றையும் நனைத்துப் போட்டோம். மயிலாப்பூர் வெயிலில் சாதம் வடிப்பதற்குள் காய்கிற ஒன்பது கஜம், இங்கே மேகத்துக்குள் தொங்கிக்கொண்டு மேலும் நனைந்தது. கூடத்தில் நெருப்பு எரிகிற கணப்பருகே போடலாமென்றால் அது நாய்களின் ராஜ்யம், நாங்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஈரத்தையே சுற்றிக்கொண்டதில் தும்மல்தான் மிச்சம். முதல் நாள் பாலும் பழமும். மறுநாளும் பாலும் பழமும்.

"நாளைக்கும் காயலேன்னா ஊருக்குக் கிளம்பிடலாம்டா" என்றார் பிள்ளையிடம். எங்காத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். மலை அப்போது அங்கே இல்லை.

விடிந்ததும் மாமியாருக்கே ஒன்று ஞாபகம் வந்தது. கம்பளிக்கு விழுப்புக் கிடையாது, யார் தொட்டாலும் அது மடிதான். நல்ல கம்பளியாக ஒன்று பார்த்து எடுத்துவரச் சொன்னார்.

மயிலாப்பூர்க்காரி மூட்டையில் கம்பளி ஏது? பங்களா பூராவும் தேடினேன். நாய்கள் மாரியோடு வெளியே போயிருந்த நேரம் பார்த்துக் கூடத்துக்குள் நுழைந்தேன். கணப்புக்குப் பக்கத்தில் தொட்டில் மாதிரி ஒரு பிரம்புக் கூடை. அதில் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கனத்த கம்பளி, ஓரமெல்லாம் பட்டு வைத்துத் தைத்தது. துரை வீட்டுக் குழந்தைக்கு என்ன செல்லம் என்று நினைத்துக்கொண்டேன். மயிர் மயிராக உதிர்ந்தது. சீமைக் கம்பளி இப்படித்தான் உதிரும் போலிருக்கிறது என்று நன்றாக உதறி எடுத்துக்கொண்டு போனேன். (நாய்க்குப் படுக்கை போட்டுப் போர்த்திவிடுகிற மனுஷர்கள் உண்டென்று குளத்தங்கரையில் எவள் எனக்குச் சொன்னாள்?)

மாமியார் குளித்துவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றபோது, கரண்டி பிடித்த சிப்பாய் மாதிரி இருந்தார். ரசம் கொதித்த வாசனை பனியோடு கலந்து மலை முழுக்கப் போயிற்று. அப்போது நாய்கள் திரும்பிவந்தன. நேரே சமையலறை வாசலில் வந்து படுத்துக்கொண்டு அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தன.

"ஏண்டி, இதுகள் ஏன் என்னையே பாத்துண்டிருக்கு?"

"ரசத்து வாசனைம்மா" என்றேன், நாய்களோடு பிறந்து வளர்ந்தவள் மாதிரி.

கொல்லை வாசலில் மாரி வந்து நின்றான். "அம்மா, கூடையில நாய்ங்க கம்பளி இருந்திச்சே, பாத்தீங்களா? அது இல்லாம படுக்காதுங்க" என்றவன், மாமியாரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

என் கண்ணுக்கு ரயில் தெரிந்தது. மாட வீதியும், எனக்குப் பத்தடி முன்னால் ஒரு முதுகும் தெரிந்தன. மாமியார் கம்பளியைப் பார்த்தார். நாய்களைப் பார்த்தார். பிறகு ரசத்தைப் பார்த்தார். ரசத்தைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"கம்பளிக்கு தோஷமில்லேன்னுதான் சாஸ்திரம். யாரோட கம்பளின்னு அது கேக்கலை. இலையைப் போடு."

அந்த மாதம் பூராவும் அதிலேயே சமைத்தார். சமையல் முடிந்ததும் மாரி அதை வாங்கிக் கூடையில் போடுவான். நாங்கள் இரண்டு பேரும் பனிக்குள்ளே நடக்கப் போவோம்.

எங்காத்தில் இன்றைக்கும் யாராவது ஓட்டல் சாம்பாரை முன்னால் வைத்துக்கொண்டு தயங்கினால், "யாரோட கம்பளின்னு கேக்காதே, சாப்பிடு" என்பார்கள். போன வாரம் அடையாற்றில் என் பெண் ஒரு கேக்கைக் கொடுத்துவிட்டு, அதில் முட்டை இருக்கிறதோ என்னவோ என்று இழுத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு துண்டு போடச் சொன்னேன்.