துண்டுக்குள் ஆத்மா

1934-இல் கொழும்பில் கருவாட்டு விலை விழுந்தது. அங்கே சரக்கு அனுப்பும் தேங்காய்ப்பட்டணத்து முதலாளிமார்கள் கணக்கப்பிள்ளையைத் திட்டினார்கள், காற்றைத் திட்டினார்கள். கடைசியில் குற்றம் தங்கள் ஆத்மாவில்தான் என்று முடிவு கட்டினார்கள். இந்தச் செய்தி காதில் விழுந்த வேகத்தில் அகக்கண் அடிகள் என்ற சாமியார் வந்து இறங்கினார்.

கடற்கரையில் பந்தல். குளச்சலிலிருந்தும் ஆரல்வாய்மொழியிலிருந்தும் வில்வண்டிகள். கூட்டத்தைப் பார்த்து அலையே நாலடி பின்வாங்கியது. நான் கண்ணால் கண்டேன். அடிகளின் கழுத்தில் உருத்திராட்சமும் ஜெபமாலையும் சமாதானமாகத் தொங்கின. எந்த முதலாளியையும் நழுவவிடக் கூடாதல்லவா! "பிறரை நடத்துகிறவன் தன்னை அறிய வேண்டும்" என்பது உபதேசம். கூலியாட்களுக்கு அனுமதி இல்லை. அவர்களுக்கு ஆத்மா உண்டா என்பது இன்னும் விசாரணையில் இருந்ததுபோலும்.

அறியும் முறை எளிது. அடிகள் கண்ணை மூடி, முதலாளியின் கையைப் பிடித்து, மேலே ஒரு துண்டைப் போடுவார். பேராசை, கோபம், சந்தேகம் என்று அடுக்கிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்று, "இதுவே உம் குறை" என்பார். முதலாளி தேம்புவார். ஆத்மாவை அழுத்துகிற சொத்து ஒன்றை அடிகளின் மடத்துக்கு எழுதி வைப்பார். வெளியே வந்து கூலியாட்களைக் கட்டிக்கொண்டு அழுவார். முதலாளி மாறிவிட்டார், கூலி மாறவில்லை.

கருவாட்டு முதலாளி ஏசுஅடிமைக்குக் கண்ட குறை கர்வம். பரிகாரம், மீனை வெயிலில் உணக்கும் களத்தை எழுதிக்கொடுப்பது. களம் போனால் தொழில் போச்சு. அங்கே மீன் கீறும் பெண்களின் அடுப்பும் அணையும். அவர் மனைவி விக்டோரியா மறித்தாள்.

"ஒங்க கொணம் தெரிய பந்தலுக்கா போணும்? எங்கிட்ட கேட்டா ஓசியாட்டு சொல்லுவேனே."

"சும்மா இரி. அவரு நெஞ்சுக்குள்ள பாக்காரு."

"நெஞ்சத்தான் பாக்காருன்னா, கை எவன் கையா இருந்தா என்ன?"

"செரி, அதையும் பாத்துருவோம்" என்றார் ஏசுஅடிமை. பத்திரத்தோடு போய் அடிகள் முன் உட்கார்ந்தார். அடிகள் கண்ணை மூடியதும், பத்திரப் பெட்டி தூக்க என்று சொல்லி உள்ளே கூட்டிவந்த, மூட்டை சுமக்கும் ஞானதாசனை விக்டோரியா முன்னே தள்ளினாள். துண்டுக்குள் போனது அவன் கை.

பேராசை என்றார் அடிகள். விரல் அசையவில்லை. கோபம், சந்தேகம், புகழ்... ஒன்றுக்கும் அசைவில்லை. அடிகளுக்கு வியர்த்த வியர்வையில் ஒரு பாத்தி உப்பு விளைவித்திருக்கலாம்.

"ஆசை எதில்? பொன்னா, மண்ணா, சோறா?"

சோறு என்றதும் விரல்கள் துள்ளின.

"கண்டுகொண்டேன். முதலாளி, வயிறு நிறையச் சோறு காணாத ஏக்கம் உம்மை வாட்டுகிறது."

ஏசுஅடிமையின் தொந்தி எங்கும் அவருக்கு அரை நாழிகை முன்னதாகப் போய்ச் சேரும். பந்தல் சிரித்த சிரிப்பில் மூன்று கம்பங்கள் சாய்ந்தன.

விக்டோரியா துண்டை உருவினாள்.

"துண்டுக்குள்ள வெரல் புடிச்சு வெல பேசியே பழகுன கை, மொதலாளிமாரே. வாயி பொய் சொல்லும், துண்டுக்குள்ள வெரலு சொல்லாது. சொன்னா எவன் ஒங்ககூட யாவாரம் செய்வான்? ஒங்க கொறைய இவரு கண்டுபிடிக்கல்ல. நீங்கதான் வெரல ஆட்டிக் காட்டிக் குடுத்திய. சாமி, இனி துண்டு இல்லாம ஒரு ஆளுக்குச் சொல்லும், பாப்போம்."

கடற்காற்று அகக்கண்ணுக்கு ஆகாது என்றார் அடிகள். எழுதி வாங்கிய பத்திரங்களை முதலாளிமார்கள் பிடுங்கிக்கொண்டுதான் விட்டார்கள். புறக்கண்ணால் நன்றாக வழி பார்த்து ஓடினார்.

ஏசுஅடிமை பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஞானதாசனைப் பார்த்தார். அவரிடம் மூட்டை சுமந்தே தலை நரைத்தவன்.

"ஏலே, நெசமாவே பசிக்கா?"

"ஆமா மொதலாளி. காலம்பறயிருந்து ஒண்ணும் திங்கல்ல."

தன்னை அறியப் பந்தல் தேடும் பெரியவர்களே, பக்கத்தில் நிற்பவன் சாப்பிட்டானா என்று கேளுங்கள். அதற்கு மூன்றாவது கண் வேண்டாம். இருக்கிற இரண்டின்மேல் துண்டைப் போட்டு மூடாதிருந்தால் போதும்.