கசிவுப் புகார்ப் பிரிவு

மார்ச் மூன்றாம் தேதி காலை, குடிநீர் அலுவலகத்தின் முதல் மாடியில், குழாய்க் கசிவுப் புகார்ப் பிரிவின் பொறுப்பு அதிகாரி தும்மினார்.

ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் ஆள் அனுப்பி அடைத்துவிடுவார். இதை மட்டும் அவரால் அடைக்க முடியவில்லை. இரண்டாவது பிரசவத்திலிருந்து, தும்மினாலோ இருமினாலோ சிரித்தாலோ புடவைக்குள் கொஞ்சம் சிறுநீர் கசிந்துவிடும்.

அவருக்குப் பதவியை நிரந்தரமாக்குவதா என்று மேலாளர் அம்மா அந்த வாரம்தான் முடிவு செய்யவிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால், கசிவுப் பிரிவுக்கே கசிவு என்று ஆபீஸே சிரிக்கும்.

முதலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். தொண்டை வறண்டு இருமல் பிடித்துக்கொண்டது. அடுத்து, சிரிப்பதை நிறுத்தினார்.

"என் மேல கோவமாக்கா? நான் சொன்ன ஜோக்குக்கு உங்க பல்லே தெரியலையே!" என்று டைப்பிஸ்ட் கண் கலங்கினாள்.

"ஐயோ, இல்லடி. வாய்ப்புண்."

மதியத்துக்குள் ஆளாளுக்கு மருந்தோடு வந்துவிட்டார்கள். யாரோ கொடுத்த பொடியை நாக்கில் வைத்ததும் அடுத்தடுத்துத் தும்மல்.

வேறு வழியில்லாமல் டாக்டரிடம் போனார்.

"தண்ணியை யாரு நிறுத்தச் சொன்னது? ஒழுங்கா குடிங்க," என்றார் டாக்டரம்மா. "மூத்திரத்தை அடக்குற தசையை இறுக்கிப் பிடிச்சு, மெதுவா விடணும். தினமும் பண்ணுங்க, சில மாசத்துல வித்தியாசம் தெரியும். தும்மல், இருமல் வரும்போதும் முன்னாடியே இறுக்கிக்குங்க. உக்காந்த இடத்துலயே பண்ணலாம். யாருக்கும் தெரியாது."

வெள்ளிக்கிழமை ஆய்வுக் கூட்டம். மேலாளருக்கு அலுவலகத்தில் 'சைலன்ஸ் மேடம்' என்று பெயர். பேச்சின் நடுவே திடீரென்று மௌனமாகிச் சுவரையே பார்ப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே பாதி வேலை நடந்தது.

ஒரு தெருவில் குழாய் ஏன் மறுபடி மறுபடி உடைகிறது என்பதற்குக் காண்ட்ராக்டர் சாக்கு சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. இறுக்கினார். மூச்சையும் சேர்த்துப் பிடித்தார். முகம் சிவந்தது, விழிகள் காண்ட்ராக்டர் மேல் குத்திட்டு நின்றன.

"அப்படிப் பாக்காதீங்க மேடம்! பழைய குழாயைத்தான் போட்டேன். நாளைக்கே மாத்திடறேன்!"

மேலாளர் ஃபைலை மூடினார்.

"நீங்க மட்டும் இருங்க," என்றார் மேலாளர் அதிகாரியிடம். மற்றவர்கள் வெளியேறினார்கள். கதவு சாத்தப்பட்டது. மேலாளர் சுவரைப் பார்த்து மௌனமானார்.

குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்த அதிகாரி, பயத்தில் மறுபடி இறுக்கினார்.

"போஸ்ட் உங்களுக்குத்தான்," என்றார் மேலாளர் கடைசியில். "ஆனா இறுக்கும்போது மூச்சை அடக்காதீங்கம்மா, மூஞ்சி காட்டிக் குடுத்துடுது. எனக்கும் அது பிடிபட எத்தனையோ மீட்டிங் ஆச்சு."