விழ மாட்டேன் என்ற டுவேன்

விழுந்து காட்டும் மனிதர் என்றொரு இனம் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோவில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். தடுக்கி விழுகிறவரைச் சொல்லவில்லை. அது யாருக்கும் நடப்பது. தடுக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் விழுகிறவர் இவர்.

டுவேனையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்கு ஹீட்டர் பொருத்துவது அவர் பிழைப்பு. ஊருக்கு அதுவா முக்கியம்? கதவைத் திறக்கும்போதே அதைக் காலால் டங்கென்று உதைத்து, முகத்தில் இடித்த மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு சுருண்டுபோவார். சோபாவுக்குப் பின்னால் இல்லாத படிகளில் முழங்காலை மடக்கி மடக்கி இறங்கி மறைவார். காய்ந்த இலை வாரும் வாரியை மிதித்து அதன் பிடியால் நெற்றியில் அறை வாங்குவார், அதுவும் பக்கத்து வீட்டார் வெளியே வரும்வரை காத்திருந்து. ஆளில்லாத இடத்தில் அவர் விழுந்து யாராவது பார்த்ததுண்டா?

மகள் ஜோலீனுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாஸ்டன்காரர்கள். சிரிப்பை உதட்டோரம் தாண்ட விடாதவர்கள்.

"அப்பா, நாளைக்கு ஒருநாள் மட்டும் விழாதீங்க. என் மானத்தக் காப்பாத்துங்க."

"சத்தியமா விழ மாட்டேன் கண்ணு."

"கேக் பக்கமே போகக் கூடாது."

"கேக்கா? அப்படின்னா?"

"அப்பா!"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மகளைத் தேவாலயத்துக்குள் விறைப்பாக நடத்திக் கூட்டிப்போனார். "டுவேனுக்கு உடம்பு சரியில்லையாப்பா?" என்று பின்வரிசை நண்பர்கள் கவலைப்பட்டார்கள்.

விருந்தில் அப்பாவும் மகளும் ஆடும் நடனம். சபையே பார்த்துக்கொண்டிருக்க, ஜோலீனின் குதிகால் செருப்பு கவுன் விளிம்பில் மாட்டியது. கல்யாணப் பெண் தரையில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். பாட்டு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஜோலீனின் கண் நிறைந்துவிட்டது. டுவேன் அதைப் பார்த்தார்.

அடுத்த நொடி அவருடைய இரண்டு கால்களும் மேலே போயின. கைகளால் காற்றைத் துழாவி, கிடைத்த மேசைவிரிப்பை இழுத்து, மசித்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து சேர்ந்தார். சபை வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மாகூட விலாவைப் பிடித்துக்கொண்டார். முதலில் விழுந்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் நினைவில்லை.

"சத்தியம் பண்ணீங்களே!" அழுகையும் சிரிப்புமாக அவர் காதிலிருந்த கிழங்கைத் துடைத்தாள் ஜோலீன்.

"நம்ம வீட்டுல விழுறது என் வேலை. அதுல நீ ஏன் கை வெச்ச?"

இடுப்பு நிஜமாகவே பிசகியிருந்தது. "வலிக்குது" என்று அவர் சொல்லச் சொல்ல எல்லாரும் இன்னும் சிரித்தார்கள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், நம் வீட்டில் இப்படி ஒருவர் இல்லை என்று. நேற்று மேசைக்காலில் விரலை இடித்துக்கொண்டீர்களே, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்தார்கள். அப்புறம் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டினீர்கள், இல்லையா? டுவேனும் அப்படித்தான் ஆரம்பித்தார்.