ஓரக்கண்ணால் பெண் பார்த்த கதை

எனக்கு எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பு சரி. பிழை இருக்கும், பாதி மறந்தும் போயிருக்கும், மன்னிக்கணும்.

நான் கூச்சக்காரி. யாரையும் முகம் பார்த்துப் பேச மாட்டேன். (கல்யாணமாகி ஒரு வாரம் கழித்துத்தான் எங்க வீட்டுக்காரருக்கு மீசை இருப்பதே எனக்குத் தெரியும்.)

தொண்ணூறுகளின் கடைசி. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகன் சேகருக்கு முப்பத்திரண்டு வயது. நாலு இடம் தட்டிப்போய், அஞ்சாவதாகக் குமணன்சாவடியில் ஒரு பெண். அவன் மட்டும் கோயிலில் வைத்துப் பார்த்து, பிடித்தும் போச்சு. மிச்சம், நான் போய்ப் பெண்ணுக்குப் பூ வைப்பதுதான். "காரியத்தைக் கெடுத்துடாதம்மா" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான்.

அப்போது என் கொழுந்தன் தாமு துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான், டிஜிட்டல் கேமராவோடு.

"ரோல் போடலையே தம்பி" என்றேன்.

"இதுக்கு ரோலே கெடையாது அண்ணி. படம் புள்ளி புள்ளியா உள்ள விழும். ஆனா உன் கண்ணு முன்னாடி இது சும்மா. இதுல லட்சக்கணக்குல புள்ளின்னா, கண்ணுல கோடிக்கணக்குல கீது!"

என்னிடம் எதுவாவது கோடிக்கணக்கில் இருப்பதாக அதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப கேமராவைப் பையில வை. பொண்ணை என் கண்ணாலயே பாத்துக்கறேன்" என்று அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெண் வீட்டில் உட்கார்ந்ததும் தலை தானாகக் குனிந்துகொண்டது. பச்சைச் சேலை ஒன்று வந்து கேசரித் தட்டை நீட்டியது. பின்னாலேயே இன்னொரு பச்சைச் சேலை தண்ணீரோடு வந்து ஓரமாக நின்றது. தட்டோடு வந்தவள்தானே பெண்? ஓரக்கண்ணால் பார்த்தேன். நீளச் சடை, சிவந்த கை. லட்சணம்! எழுந்து, பின்பக்கமாகப் போய், சடையில் பூவை வைத்தேன்.



"ஐயோ அத்தை, எனக்கு ஏற்கெனவே ஒரு மாமியார் கீறாங்க. அவங்களே போதும்!" என்றாள் அவள்.

பெண்ணின் அக்கா. (தரையைப் பார்த்தவள் அவள் மெட்டியையாவது பார்த்திருக்கலாம். நான் பார்த்தது கேசரியை.)

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "இன்னாம்மா இது? பொண்ணு எதுன்னே பாக்காம பூ வெக்கிறீங்க? எங்க ஊட்டுப் பொண்ணு அவ்ளோ எளப்பமா?"

அஞ்சாவது இடமும் போச்சு, சேகருக்கு என்ன பதில் சொல்வேன்? அப்போது தண்ணீர்ச் சொம்பு பேசியது: "அத்தை, நான் இந்தாண்ட கீறேன்."

முதலில் அக்கா சிரித்தாள். அப்புறம் அப்பாவுக்கும் அடக்க முடியவில்லை. சரத்தில் பாதியை அக்காவே கிள்ளிக் கொடுத்தாள். இந்தத் தடவை நிமிர்ந்து, பெண்ணின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் பூ வைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தாமு சொன்னான்: "கேமராவுக்கு நடுவும் ஓரமும் ஒண்ணுதான் அண்ணி. கண்ணுக்கு நடுவுல மட்டும்தான் தெளிவு. ஓரத்துல பாத்தா, மீதியை மூளையே இட்டு ரொப்பிக்கும்."

"அதைக் காலையிலேயே சொல்றதுக்கு இன்னா?"

மருமகள் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் கூட்டத்தில் அவளைத் தேடினால், எதிரிலேயே நின்றுகொண்டு, "அத்தை, இந்தாண்ட கீறேன்" என்பாள். பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

தாமு சொன்னது நிஜம்தானா, இல்லை என்னைத் தேற்றச் சொன்னதா? படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். பொய்யென்றால் என்னிடம் மட்டும் சொன்னால் போதும். இத்தனை வருஷமாக மருமகளிடம் அதைச் சொல்லித்தான் தப்பித்து வருகிறேன்.