கேட்டில் நான் விட்ட கேப்

முதல்ல ஆரம்பிச்சது தனசேகரன்தான். இதை ஞாபகம் வெச்சுக்கினு மேலே படிங்க.

நான் வல்லம் வடகால்ல ஒரு கம்பெனி கேட்டுல செக்யூரிட்டி. வயசு அறுபத்திரண்டு. படிப்பு அஞ்சாவது, அதுவும் முழுசா இல்ல. தனசேகரன் அதே கம்பெனியில லைன் சூப்பர்வைசர்.

மூணு வாரம் முன்னாடி ஐடி கார்டு போடாம வந்தான். நிறுத்தினேன். "கார்டு எங்க சார்?"னு கேட்டேன். சார்னுதான் கேட்டேன்!

அவன் ஒரு சினிமா வசனத்தை எடுத்து விட்டான். வாட்ச்மேன் வேஷம் போட்ட ஒரு காமெடி நடிகரைக் கலாய்க்கிற வசனம். அதே குரல்ல, அதே இழுவையோட.

என்ன வசனம்னு எழுத மாட்டேன். எழுதினா நீங்களும் ஆரம்பிச்சுடுவீங்க.

பின்னாடி வரிசையில நின்ன நாப்பது பேரும் சிரிச்சாங்க. அன்னியிலேருந்து எனக்கு யாரும் வணக்கம் சொல்றதில்ல. அந்த வசனத்தைச் சொல்லிட்டு, அட்டெண்டன்ஸ் மெஷின்ல விரல் வெச்சுட்டு உள்ளே போறாங்க. தண்ணி கேன் போட வர்றவன்கூடச் சொல்றான்!

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அதே கேட்டுல, அதே நாப்பது பேர் எதிர்ல, தனசேகரன் தன் வாயால வருத்தம் தெரிவிக்கணும்.

வூட்டுல மருமக செல்விகிட்ட சொன்னேன்.

"சினிமாவுல அடிச்சா சினிமாவுலயே திருப்பி அடிக்கணும் மாமா"ன்னுச்சு.

அதுவே ஒரு வசனத்தைத் தேடிக் குடுத்துச்சு. பெரிய ஹீரோ ஒருத்தர் வில்லன் எதிர்ல நின்னு சொல்ற ரெண்டு வரி.

"முதல் வரி சொல்லிட்டு ஒரு கேப் விடணும் மாமா. பேசாம ஒரு லுக்கு. அப்புறம் ரெண்டாவது வரி. கேப்புலதான் கெத்தே கீது."

மூணு நாள் பீரோ கண்ணாடி எதிர்ல நின்னு கேப் விட்டேன். என் வூட்டுக்காரி எட்டிப் பாத்தா.

"இன்னாய்யா, பல்லு வலியா?"

"லுக்கு விடறேன்டி!"

"பல்லு வலின்னே சொல்லிக்கோ. அதான் மரியாதை."

திங்கக்கிழமை மதியம், ஷிப்ட் மாறுற நேரம். சிங்கப்பெருமாள் கோவில் ஹாஸ்டல் பஸ் வந்து நின்னுச்சு. பொண்ணுங்க வரிசையா இறங்கி வராங்க. நடுவுல தனசேகரன், காதுல போனை வெச்சுக்கினு.

கையை நீட்டினேன். நின்னான். முதல் வரியைச் சொன்னேன்.

சும்மா சொல்லக் கூடாது, குரல் கணீர்னு வந்துச்சு! வரிசை அப்படியே அடங்கிப் போச்சு. தனசேகரன் போனைக் காதுலேருந்து எடுத்துட்டான்.

கேப் விட்டேன்.

அங்கதான் தப்புப் பண்ணேன்.

நம்ம ஜனங்ககிட்ட எதை வேணா பாதியில விடலாம். சாப்பாட்டை விடலாம், கல்யாணப் பேச்சை விடலாம். சினிமா வசனத்தை மட்டும் விடக் கூடாது.

வரிசையில முன்னாடி நின்ன முத்துலட்சுமி, சிவகங்கைப் பக்கத்துப் பொண்ணு, ரெண்டாவது வரியைப் பட்டுன்னு சொல்லிடுச்சு.

"மறந்துட்டீகளோன்னு எடுத்துக் குடுத்தேன் தாத்தா."

"மறக்கலம்மா! கேப் விட்டுக்கினு இருந்தேன்!"

"ஐயோ, தெரியாமப் போச்சே. அப்ப திரும்ப விடுங்க தாத்தா."

திரும்ப முதல் வரி. இந்தத் தடவை கேப்பைச் சுருக்கினேன். கண்ணை மூடித் திறக்குற நேரம்தான்.

நாப்பது பேரும் சேர்ந்து சொல்லிட்டாங்க! பஸ் டிரைவர் ஹாரன் அடிச்சு முடிச்சு வெச்சான்.

தனசேகரன் சும்மா இருப்பானா? போனைப் பாக்கெட்டுல போட்டான். காலரைத் தூக்கினான். ரெண்டு வரியையும் அவனே சொன்னான், என்னைப் பாத்து! நடுவுல கேப்பும் விட்டான். நான் விட்டதைவிடப் பெருசு. அவனுக்கு மட்டும் ஒருத்தரும் குறுக்கே பேசல.

கைத்தட்டல்! மூணு நாள் நான் பழகின வசனம், எனக்கே விழுந்துச்சு.

சத்தம் கேட்டு செக்யூரிட்டி ஆபீசர் ஓடி வந்தாரு. மிலிட்டரியில இருந்தவரு.

"இன்னா பெரியவரே, கேட்டுல கூத்தா? ஷிப்ட் லேட்டாவுது!"

"சார், நான் ஒண்ணுமே பண்ணல. ஒரு வரிதான் சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

விசாரணைன்னா சொல்லித்தானே ஆகணும்? முதல் வரியைச் சொன்னேன்.

ரெண்டாவது வரியை ஆபீசர் சொன்னாரு.

சொல்லிட்டு, "கையை இப்டி நீட்டக் கூடாது. இடுப்புல வெக்கணும். தியேட்டர்ல நாலு வாட்டி பாத்தவன் நான்"னாரு. அதுக்கு அப்புறம்தான் மெமோ குடுப்பேன்னு மிரட்டினாரு.

மறுநாள் தனசேகரன் தனியா வந்தான். கையில ரெண்டு டீ. மூஞ்சியில சிரிப்பு இல்ல.

"அண்ணே, நேத்து நடந்ததை வூட்டுல பெருமையா சொன்னேன். என் பொஞ்சாதி புடிச்சுக் காச்சிட்டா. உங்க அப்பா வயசு ஆளை நாப்பது பேர் எதிர்ல இப்டித்தான் பேசுவியான்னு கேட்டா."

சுத்திப் பாத்தேன். கேட்டுல வேற யாரும் இல்ல. நாப்பது பேர் இல்லன்னாலும் பரவால்லன்னு மனசுக்குள்ள விட்டுக்குடுத்தேன்.

"அதனால உங்ககிட்ட..." தொண்டையைச் செருமினான். "மன்னிப்பு..."

அங்க நிறுத்தினான். கெத்துக்கு விட்ட கேப் இல்ல. நிஜமாவே கூச்சம்.

அந்த ஒத்தை வார்த்தையை யாராவது சொன்னா, திருப்பிச் சொல்றதுக்கு சினிமாவுல ஒரு பதில் கீது. நம்ம ஊர்ல பால்வாடிப் புள்ளைக்கும் தெரியும்.

மூணு வாரமா நான் காத்துக்கினு இருந்த வார்த்தை. பாதி வெளியே வந்துடுச்சு. இன்னும் ஒரு நொடி என் வாயை நான் மூடிக்கினு இருந்திருக்கணும்.

மூடினேனா? அந்தப் பதிலைச் சொல்லிட்டேன். ஹீரோ குரல்லயே! கை இடுப்புல!

தனசேகரன் ஒரு நொடி முழிச்சான். அப்புறம் டீ தளும்பத் தளும்ப சிரிச்சான்.

"செம டைமிங்ணே!"ன்னு முதுகுல தட்டினான். டீயை என் கையில குடுத்துட்டு, விரல் வெச்சுட்டு உள்ளே போயிட்டான். விஷயம் முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கினு கீறான்.

மன்னிப்பைப் பாதிதான் கேட்டிருக்கான். மீதிப் பாதி பாக்கி.