அந்த நர்ஸ்தான் வில்லி

சினிமா ரசிகர்களில் பல ரகம் உண்டு. படம் பார்த்து அழுகிறவர், படம் பார்த்துத் தூங்குகிறவர், பக்கத்து இருக்கைக்காரருக்கு அடுத்த காட்சியைச் சொல்லிச் சொல்லியே அவரை இடைவேளையோடு வீட்டுக்கு அனுப்பிவைக்கிறவர். இவர்கள் எல்லோரும் அப்பாவிகள். குறைந்தபட்சம் படத்தைப் பார்க்கிறார்கள் அல்லவா? நான் சொல்ல வந்தது வேறொரு பிறவியைப் பற்றி. படம் வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே அதன் டிரைலரை மட்டும் பார்த்துவிட்டு, கதை இன்னது, முடிவு இன்னது, யார் சாகப்போகிறார், யார் செத்த மாதிரி செத்துவிட்டுக் கடைசியில் தாடியோடு திரும்பி வரப்போகிறார் என்பது வரைக்கும் ஊருக்கே அறிவித்துவிட்டு, படம் வெளியாகிற அன்று "அதான் பார்த்தாச்சே" என்று கொட்டாவி விடுகிற மனிதர். முன்னோட்ட ரசிகர் என்று வைத்துக்கொள்வோம்.

இவரை உங்களுக்குத் தெரியும். டிரைலர் வரும் நேரம் இவருக்குத் தன் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். டிரைலருக்கு முன்னால் டீசர் வரும். டீசருக்கு முன்னால் "டீசர் நாளை வருகிறது" என்று ஓர் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்புக்கும் இவரிடம் கருத்து இருக்கும். "எழுத்து சிவப்பா இருக்கு பாத்தீங்களா? ரெண்டாவது பாதி பூரா ரத்தம்." டிரைலர் வந்துவிட்டால் வீட்டில் மிக்சி ஓடக் கூடாது. குழந்தை அழக் கூடாது. முதல் தடவை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும். அதற்கப்புறம்தான் வேலையே ஆரம்பம். விரலால் நிறுத்தி நிறுத்தி, கதாநாயகனின் முகத்தை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் இருக்கிற சுவர், சுவரில் இருக்கிற கடிகாரம், கடிகாரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற பல்லி என்று ஒவ்வொன்றாக விசாரணைக்கு எடுப்பார்.

"கடிகாரத்துல பத்து பத்து. கவனிச்சீங்களா?"

"புதுக் கடிகாரம் கடையில அப்படித்தாங்க வச்சிருப்பாங்க. வாங்கி அப்படியே மாட்டிட்டாங்க போல."

"அதான் இல்ல. காலம் நின்னு போச்சுன்னு அர்த்தம். ஹீரோ எதிர்காலத்துலேருந்து வந்தவன்."

என்ன செய்வீர்கள்? ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வரவேண்டியதுதான்.

எனக்கு அந்த வசதி இல்லை. அவர் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற உத்தியோகம். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்த உத்தியோகம் கொடுத்த திமிரில், "நாளெல்லாம் கண்ணையே பாக்கிறவன் சகலை நான். கண்ணப் பாத்தே ஆளோட மொத்தக் கதையையும் சொல்லிடுவேன்" என்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனைத் தாங்கியில் நிறுத்தி, "முதல் பார்வை" என்று ஒரு நேரலை நடத்துவார். டிரைலரை முதன்முதலாகப் பார்க்கும்போது தன் முகம் எப்படி மாறுகிறது என்று உலகத்துக்குக் காட்டுவதுதான் நிகழ்ச்சி. அதைப் பார்க்கவும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஆனால் அந்த முதல் ஆச்சரியத்துக்கு ஒத்திகை உண்டு. போன வாரம் வெளிச்சம் சரியில்லை என்று ஒரே டிரைலரைப் பார்த்து மூன்று முறை முதன்முறையாக ஆச்சரியப்பட்டார். நான்தான் விளக்கைப் பிடித்தேன்.

இவருடைய மனைவி, அதாவது என் மச்சினி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடந்த ஒரு பகுதியில் படப்பிடிப்பு நடந்தது. நடிக்க வந்த பெண்ணுக்கு மருந்துத் தட்டைப் பிடிக்கத் தெரியவில்லையாம். "நிஜ நர்ஸ் யாராவது வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவள் போனாள். மாஸ்க் போட்டுக்கொண்டு, கையில் தட்டோடு நடக்க வேண்டும். கதாநாயகன் பக்கத்தில் ஓடுவான். அவ்வளவுதான். அதற்குச் சன்மானமாக, நடிகர்களெல்லாம் வந்து உட்காரப்போகிற முதல் காட்சிக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார்கள்.

இதை அவள் புருஷனிடம் சொல்லவில்லை. எங்கள் இருவரிடம் மட்டும் சொன்னாள்.

"நான் டிரைலர்லயும் வர்றேனாம் மாமா. அவர்தான் சுவத்துல இருக்கிற பல்லியக்கூட விடமாட்டாரே, பொண்டாட்டிய விட்டுடுவாரா? அவராவே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சா அவரோட போறேன். இல்லைன்னா அக்காவோட போறேன்."

என் மனைவி அந்த நிமிடத்திலிருந்தே சகலையின் பார்வை மங்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். "வாயத் தொறந்தீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று எனக்கும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது.

டிரைலர் வந்தது. ஆஸ்பத்திரி நடைவழி. கதாநாயகன் தலைதெறிக்க ஓடுகிறான். தட்டோடு போகிற நர்ஸ் சட்டென்று திரும்பி ஒரு பார்வை பார்க்கிறாள். ஒரே ஒரு விநாடி. சொந்தச் செருப்பை வாசலில் தேடி எடுக்கத் தெரியாத எனக்கே, மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அந்தக் கண் யாருடையது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சகலை? அன்று முழுக்க அதையேதான் ஓட்டிக்கொண்டிருந்தார். மச்சினிக்கே பொறுக்கமுடியாமல் மறுநாள் காலையில் அதே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கையில் தட்டு, தட்டில் காபி சகிதம் அவர் எதிரில் போய் நின்றிருக்கிறாள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் தள்ளு, வெளிச்சம் மறைக்குது" என்றாராம்.

"எனக்கு அழுகையே வந்துடுச்சு மாமா" என்றாள் என்னிடம். விளையாட்டாக ஆரம்பித்த பெண், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எங்களை வரச்சொல்லிக் கூப்பிட்டார் சகலை. மச்சினிக்கு டியூட்டி. வீட்டில் அவர் மட்டும் இருந்தார். டிவி முழுக்க அந்த நர்ஸ். இரண்டு கண்களையும் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"சகலை, படத்துல வில்லன் அந்த மீசைக்காரன்னு ஊரே சொல்லிட்டிருக்கு. கிடையாது." குரலை இறக்கினார். "இந்த நர்ஸ்தான் வில்லி."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எனக்குப் புரையேறியது.

"எதை வச்சு சொல்றீங்க?"

"கண்ணு சகலை, கண்ணு! பக்கத்துல ஒருத்தன் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடறான். நர்ஸ்னா பதறணுமா இல்லையா? இவ பதறல. முறைக்கிறா. இது இன்னைக்கு நேத்து வந்த கோபம் இல்ல. பல வருஷமா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டிருக்கு. யாரையோ தீர்த்துக்கட்டறதுன்னு முடிவே பண்ணிட்டா."

"யாரைன்னு தெரியுதா?"

"அது ஒண்ணுதான் பிடிபடல."

என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து இருமல் மாதிரி ஏதோ கேட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. "எங்கயோ பார்த்த கண்ணு மாதிரி இல்ல?" என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தேன்.

"சான்ஸே இல்ல. யாரோ பெரிய நடிகை, ரகசியமா வச்சிருக்காங்க. சாதாரண ஆளுக்கு இப்படி ஒரு பார்வை வரவே வராது."

இதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? அவர் போனைத் தாங்கியில் நிறுத்தினார். முடியை ஒதுக்கிக்கொண்டார். நேரலை தொடங்கியது. சொன்னதையே இன்னும் காரசாரமாகச் சொன்னார். கையை ஆட்டினார். மேசையைத் தட்டினார். "எத்தனையோ பேருக்குக் கண்ணு பாத்திருக்கேன் நண்பர்களே, இப்படி ஒரு கொலவெறிக் கண்ண நான் நேர்ல பாத்ததே இல்ல!" என்று அவர் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாசல் கதவு திறந்தது.

டியூட்டி முடிந்து மச்சினி வந்து நின்றாள். அதே சீருடை, அதே மாஸ்க். டிவியில் தன் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள். புருஷன் பேசியதைக் கேட்டாள். அசையாமல் நின்று அவர் முதுகையே பார்த்தாள். அப்படி ஒரு பார்வை!

போனில் கருத்துகள் கொட்ட ஆரம்பித்தன. சகலை வழக்கம்போல அவற்றைச் சத்தமாக வாசித்தார். "அண்ணே, பின்னாடி பாருங்க... பின்னாடியா? வில்லி உங்க வீட்டுக்குள்ளயே வந்துட்டா... என்னப்பா சொல்றீங்க? அண்ணே, ஓடிடுங்க..."

திரும்பினார். வாசலைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை வருமா? "சகலை," என்றேன், "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?"

"நீயா?" என்றார் அவளிடம்.

"நானேதான்" என்று மாஸ்க்கைக் கழற்றினாள்.

"அப்ப... எதுக்கு அப்படி முறைச்ச?"

"சும்மா நடந்து போகணும்னுதான் சொன்னாங்க. நடக்கறப்போ பாக்கெட்ல போன் அதிருது. விடாம அதிருது. யாரு? நீங்க. எதுக்கு? வேற ஏதோ படத்துக்கு டிரைலர் வந்துடுச்சாம்! டியூட்டி நேரத்துல கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? வந்த கோபத்துல திரும்பிட்டேன். அந்தப் பார்வைதான் வேணும்னு டைரக்டர் ஓகே பண்ணிட்டார். யாரைத் தீர்த்துக்கட்ட நினைச்சேன்னு இப்பவாவது பிடிபட்டுச்சா?"

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கூட்டம் அவரைக் கைவிட்டு மொத்தமாக அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

டிக்கெட் விஷயம் தெரிந்ததும் சகலை கெஞ்சினார் பாருங்கள், அப்படி ஒரு கெஞ்சல். ஒன்றும் பலிக்கவில்லை. "கண்டுபிடிச்சது நீங்க இல்ல, உங்க ஆளுங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அக்காவும் தங்கையும் அலங்காரம் பண்ணிக்கொண்டு முதல் காட்சிக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் வீட்டைக் காத்தோம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தை முழுசாகப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்ட மனிதர், கூண்டில் போட்ட புலி மாதிரி கூடத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

திரும்பி வந்தார்கள். மச்சினி முகம் விழுந்து கிடந்தது.

"வெட்டிட்டாங்க" என்றாள். "அந்த நடைவழி சீனே படத்துல இல்ல. டிரைலரோட சரி." சொல்லிவிட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

"வில்லன் அந்த மீசைக்காரன்தான். கடைசியில என்ன ஆகுதுன்னா..." என்று என் மனைவி ஆரம்பித்தாள்.

"அதை விடுங்க அண்ணி" என்றார் சகலை. கதை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எழுந்து டிவியைப் போட்டார். டிரைலரை ஓட்டினார். தேடவே இல்லை, தடவவே இல்லை. சரியாக அந்த விநாடியில் விரல் நின்றது. திரை முழுக்க அவள் கண்.

"நான்தான் எப்பவும் சொல்றேனே, படத்துல என்ன இருக்கு? இதுதான் படம். பெரிய நடிகைன்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா? சகலை, நீங்க சாட்சி!"

அவள் அதே பார்வை பார்த்தாள். இந்த முறை கடைசியில் சிரித்துவிட்டாள். "சரி சரி, டிவி முன்னாடியே நிக்காதீங்க, தள்ளுங்க. மறைக்குது."

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் தலைப்பைப் பார்த்ததுமே "இது ஏதோ கொலைக் கதை" என்று முடிவு கட்டினீர்களா? மச்சினி நர்ஸ் என்றதுமே "ஓகோ, இதுதானா விஷயம்" என்று மீதியை நீங்களாகவே ஓட்டிப் பார்த்துவிட்டீர்களா? அப்படியானால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். ஒரு சின்னப் பரிசோதனை. இதிலிருந்து கண்ணை எடுக்காமல், உங்கள் வீட்டில் உங்களுக்கு எதிரே இருப்பவர் இன்றைக்கு என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியவில்லையா? மெதுவாக நிமிர்ந்து பாருங்கள். ரொம்ப நேரமாக உங்களைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறார்.